ராஜாவின் முத்திரையும் குடிகளின் உரிமையும்: இங்கிலாந்துப் பட்டயங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாக்னா கார்ட்டா, 1215, ஜான் மன்னர். போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பலரும் இந்த மூன்றையும் ஒரு மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். மாக்னா கார்ட்டா என்ற அந்த உரிமைப் பட்டயத்தின் ஆட்டுத்தோலில் என்ன எழுதியிருந்தது, பின்னால் வந்தவர்கள் அதை வைத்து என்னவெல்லாம் வாதாடினார்கள், கடல் தாண்டிப் போன ஆங்கிலேயர்கள் அதை எப்படித் தங்களோடு எடுத்துப் போனார்கள் என்று கேட்டால் பேச்சு நின்றுவிடுகிறது. எனக்கு அந்தப் பகுதிதான் முக்கியமாகப் படுகிறது. வழக்கமாக எழும் கேள்விகளைத் திரட்டி, எனக்குத் தெரிந்தவரை பதில் எழுதியிருக்கிறேன்.

பட்டயம் என்றால் சரியாக என்ன?

மன்னர் தன் முத்திரையிட்டுக் கொடுக்கும் எழுத்து. நிலம், வரிவிலக்கு, சந்தை கூட்டும் உரிமை, ஓர் ஊர் தன்னைத் தானே நிர்வகித்துக்கொள்ளும் உரிமை, ஒரு வணிகக் குழுவுக்கு மட்டும் வியாபாரம் செய்யும் உரிமை என்று எதையும் பட்டயத்தால் கொடுக்கலாம். நம் ஊர்ச் செப்பேடுகளைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. சந்திரனும் சூரியனும் உள்ளவரை என்று நம் மன்னர்கள் எழுதினார்கள். நாமும் நம் வாரிசுகளும் என்றென்றைக்கும் என்று ஜான் எழுதிக் கொடுத்தார்.

கொடுத்தவர் திரும்ப வாங்கிக்கொள்ளலாமா? பட்டயம்தான் உரிமையைப் பிறப்பிக்கிறதா, ஏற்கெனவே இருக்கும் உரிமையை எழுதி மட்டும் வைக்கிறதா? கீழே வரும் சண்டைகள் எல்லாவற்றுக்கும் அடியில் இந்த இரண்டு கேள்விகளும் கிடக்கின்றன.

1215-இல் ஜான் மாக்னா கார்ட்டாவில் கையெழுத்துப் போட்டாரா?

இல்லை, முத்திரைதான். மன்னர் பேனா பிடித்து உட்கார்ந்திருக்கும் படங்கள் பிற்காலத்தவர்களின் கற்பனை.

ஜான் 1204-இல் நார்மண்டியை இழந்தார். அதை மீட்கக் காசு வேண்டும் என்று பிரபுக்களைக் கசக்கிப் பிழிந்தார். 1214-இல் புவைன் போர்க்களத்தில் அவருடைய கூட்டாளிகள் தோற்றார்கள், செலவழித்ததெல்லாம் வீண். கலகம் செய்த பிரபுக்கள் 1215 மே மாதம் லண்டனைப் பிடித்தார்கள். வேறு வழியில்லாமல் ஜூன் 15 அன்று, தேம்ஸ் நதிக்கரையில் ரன்னிமீட் என்ற புல்வெளியில், ஜான் ஒப்புக்கொண்டார்.

அதில் அப்படி என்னதான் இருக்கிறது?

முழுவதையும் படித்தால் முதலில் ஏமாற்றமாகத்தான் இருக்கும். 63 பிரிவுகள் (எண் போட்டது பிற்காலத்தவர்கள்; மூலத்தில் லத்தீன் மொழியில் ஒரே ஓட்டமாக எழுதியிருக்கும்). பெரும்பாலும் அந்தக் காலத்துப் பிரபுக்களின் வரவு செலவுக் குறைகள். வாரிசு நிலத்தைப் பெற எவ்வளவு கட்டணம்? விதவையை மறுமணத்துக்குக் கட்டாயப்படுத்தலாமா? தேம்ஸில் மீன் பிடிக்கக் கட்டிய தடுப்புகளை அகற்ற வேண்டும். திராட்சை மதுவுக்கும் தானியத்துக்கும் நாடு முழுக்க ஒரே அளவு வேண்டும்.

இதற்கெல்லாம் நடுவில் 39-வது பிரிவு வருகிறது. சுதந்திரமான எந்த மனிதனையும், அவனுக்குச் சமமானவர்களின் சட்டப்படியான தீர்ப்போ நாட்டின் சட்டமோ இல்லாமல், பிடிக்கவோ சிறையில் அடைக்கவோ சொத்தைப் பறிக்கவோ நாடு கடத்தவோ கூடாது. அடுத்த பிரிவு இன்னும் சுருக்கம்: எவருக்கும் நீதியை விற்க மாட்டோம், எவருக்கும் மறுக்க மாட்டோம், தாமதிக்கவும் மாட்டோம். அந்தக் காலத்தில் மன்னரின் நீதிமன்றத்தில் காசுக்கு நீதி கிடைத்தது என்பதை மன்னரே ஒப்புக்கொள்ளும் வரி அது. எத்தனை முறை படித்தாலும் என்னை நிறுத்தி வைக்கிற வரியும் அதுதான்.

பத்து வாரத்தில் அது செல்லாமல் போய்விட்டது என்கிறார்களே?

உண்மைதான். 1215 ஆகஸ்டிலேயே போப் மூன்றாம் இன்னசென்ட் அதைச் செல்லாது என்று அறிவித்தார். உள்நாட்டுப் போர் வெடித்தது. அடுத்த ஆண்டு அக்டோபரில் ஜான் இறந்தார். வாரிசு மூன்றாம் ஹென்றிக்கு வயது 9. அவர் பெயரில் ஆட்சியை நடத்தியவர்கள் பிரபுக்களைச் சமாதானப்படுத்த, மன்னரைக் கட்டுப்படுத்தும் கூர்மையான பிரிவுகளை நீக்கிவிட்டு 1216-இல் பட்டயத்தைத் திரும்ப வெளியிட்டார்கள். 1217-இல் இன்னொரு தடவை, கூடவே காடுகளுக்கென்று ஒரு தனிப் பட்டயம். மானைக் கொன்றதற்காக இனி யாரும் உயிரையோ உறுப்பையோ இழக்கக் கூடாது என்று அதில் எழுதியிருந்தது. ஏழைகளுக்கு இந்தக் காட்டுப் பட்டயம்தான் அதிகம் உதவியிருக்கும் என்பது என் எண்ணம்.

1225-இல் ஹென்றி வளர்ந்த பிறகு ஒரு பேரம் நடந்தது. அசையும் சொத்தில் பதினைந்தில் ஒரு பங்கு வரி தருகிறோம், பதிலுக்குப் பட்டயத்தை உறுதி செய்யுங்கள் என்றார்கள் பிரபுக்கள். அவர் செய்தார். 1297-இல் முதலாம் எட்வர்டு காலத்தில் அது சட்டப் பதிவேட்டிலேயே ஏறியது. வரி கேட்டு மன்னர் வரும்போதெல்லாம் பட்டயத்தை எடுத்து முன்னால் வைக்கும் பழக்கம் இங்கிலாந்தில் இப்படித்தான் ஊன்றியது.

இது எல்லா மக்களுக்குமான உரிமையா?

எழுதியபோது இல்லை. 'சுதந்திரமான மனிதன்' என்ற சொல்லைக் கவனியுங்கள். நிலத்தோடு கட்டுண்ட பண்ணையாட்கள் நாட்டில் மிகப் பெரிய பங்கு. அவர்கள் அந்தச் சொல்லுக்குள் வரமாட்டார்கள். ஒரு பெண் கொடுக்கும் கொலைப் புகாரின் பேரில், இறந்தவர் அவள் கணவனாக இருந்தால் மட்டுமே ஒருவரைக் கைது செய்யலாம் என்றும் ஒரு பிரிவு இருந்தது.

வட்டம் பெரிதானது பிறகுதான். 1354-இல் மூன்றாம் எட்வர்டு காலத்துச் சட்டம் ஒன்று 'சுதந்திரமான மனிதன்' என்பதை 'எந்த நிலையிலும் தகுதியிலும் உள்ள எந்த மனிதனும்' என்று மாற்றியது. 'உரிய சட்ட நடைமுறை' என்ற சொற்றொடரும் அதில்தான் வருகிறது. இன்று உலகம் முழுக்க வக்கீல்கள் சொல்லும் அந்தச் சொற்றொடருக்கு வயது 670 ஆண்டுகளுக்கு மேல்.

1628, 1679, 1689 என்று மூன்று ஆண்டுகள் குழப்புகின்றன. எது எது?

முதலாம் சார்லஸ் பாராளுமன்றத்தைக் கேட்காமல் ஊரெல்லாம் கட்டாயக் கடன் வசூலித்தார். கொடுக்க மறுத்தவர்கள் சிறைக்குப் போனார்கள். அவர்களில் ஐந்து பேர் 1627-இல் நீதிமன்றத்தில் கேட்டது ஒன்றுதான்: எங்களை எதற்காக அடைத்தீர்கள்? மன்னரின் தனிக் கட்டளை, அவ்வளவுதான் என்று பதில் வந்தது. நீதிபதிகளும் அவர்களை விடவில்லை. அந்தக் கோபத்தில் 1628-இல் பாராளுமன்றம் கொண்டுவந்ததுதான் உரிமை மனு. பாராளுமன்றச் சம்மதமின்றி வரி கூடாது, காரணம் காட்டாமல் சிறை கூடாது, வீடுகளில் சிப்பாய்களைத் திணிக்கக் கூடாது, சமாதான காலத்தில் ராணுவச் சட்டம் கூடாது. முன்னாள் தலைமை நீதிபதி எட்வர்டு கோக் அதை முன்னின்று நடத்தினார். மாக்னா கார்ட்டா தனக்கு மேல் ஓர் அரசனை ஏற்காத ஆள் என்று சபையில் சொன்னவர் அவர்.

1679 ஆட்கொணர்வுச் சட்டம். செய்தித்தாளில் தினமும் பார்க்கும் ஆட்கொணர்வு மனு அதைவிடப் பழையதுதான். அதற்குக் கெடுவும் பல்லும் கொடுத்தது இந்தச் சட்டம். கைதியை இத்தனை நாளுக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும், கைதியைக் கடல் கடந்த இடத்துக்கு அனுப்பி ஒளிக்கக் கூடாது, மனுவை மறுக்கும் நீதிபதிக்கு 500 பவுண்டு அபராதம்.

1689 உரிமைச் சட்டம், இரண்டாம் ஜேம்ஸ் ஓடிப்போன பிறகு வில்லியம், மேரி ஆட்சியில் வந்தது. பாராளுமன்றம் இல்லாமல் சட்டத்தை நிறுத்தி வைப்பதோ வரி போடுவதோ கூடாது, மிதமிஞ்சிய பிணைத்தொகை கூடாது, கொடூரமான தண்டனை கூடாது.

ஆங்கிலேயர் வேறு நாட்டில் குடியேறினால் இந்த உரிமைகள் கூடப் போகுமா?

இந்தக் கேள்விக்குத்தான் நிறைய இடம் ஒதுக்க விரும்புகிறேன்.

1606 ஏப்ரல் 10 அன்று முதலாம் ஜேம்ஸ் வட அமெரிக்காவில் அமையவிருந்த வர்ஜீனியாக் காலனிக்குக் கொடுத்த பட்டயத்தில் ஒரு பிரிவு உண்டு. அங்கே போய் வாழும் பிரஜைகளும் அங்கே பிறக்கும் அவர்கள் பிள்ளைகளும், இங்கிலாந்திலேயே பிறந்து வாழ்ந்தவர்களைப் போல, எல்லாச் சுதந்திரங்களையும் உரிமைகளையும் அனுபவிப்பார்கள் என்று அது சொல்கிறது. பின்னால் வந்த காலனிப் பட்டயங்கள் பலவற்றிலும் இதே வாக்கியம் சிறு மாற்றங்களோடு திரும்ப வருகிறது.

கொடுத்தவர் மனதில் இருந்தது பெரிய தத்துவம் இல்லை. வெளிநாட்டார் என்று ஆகிவிட்டால் இங்கிலாந்தில் நிலம் வைத்திருக்கவோ பூர்வீகச் சொத்தைப் பெறவோ முடியாது. அந்தப் பயம் இருந்தால் எவன் கப்பல் ஏறுவான்? 1608-இல் கால்வின் வழக்கிலும் இதே கேள்விதான் வந்தது. ஜேம்ஸ் இங்கிலாந்தின் மன்னரான பிறகு ஸ்காட்லாந்தில் பிறந்த குழந்தை இங்கிலாந்தில் நிலம் வைத்திருக்கலாமா? பிறந்த மண்ணை ஆளும் மன்னருக்கு விசுவாசக் கடன் பட்டிருப்பவன் அவருடைய பிரஜைதான், வைத்திருக்கலாம் என்றார்கள் நீதிபதிகள்.

ஆனால் வர்ஜீனியாவில் முதல் சில ஆண்டுகள் நடந்ததைப் பார்த்தால் நெஞ்சு கனக்கிறது. 1610 முதல் அங்கே கொடிய ராணுவ விதிகள் அமலில் இருந்தன; பொதுக் கிடங்கில் திருடினால் மரண தண்டனை. எழுத்தில் உரிமை இருந்தது, ஊரில் இல்லை. 1619 ஜூலை 30 அன்றுதான் ஜேம்ஸ்டவுன் தேவாலயத்தில், குடியேறியவர்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளின் முதல் சபை கூடியது. அடுத்த மாதமே, அடிமைகளாகப் பிடித்த இருபதுக்கும் சற்று அதிகமான ஆப்பிரிக்கர்களோடு ஒரு கப்பல் பாயிண்ட் கம்ஃபர்ட்டில் வந்து நின்றது.

அந்த ஆப்பிரிக்கர்களின் பிள்ளைகளும் அங்கேதானே பிறந்தார்கள்? அவர்களுக்கு உரிமை கிடைத்ததா?

எலிசபெத் கீ என்ற பெண்ணின் வழக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். வர்ஜீனியாவில் பிறந்தவர். தாய் ஆப்பிரிக்கர், தந்தை ஆங்கிலேயர். இங்கிலாந்தின் பொதுச் சட்டப்படி பிள்ளையின் நிலை தந்தையைச் சார்ந்தது. என் தந்தை சுதந்திரமான ஆங்கிலேயர், நான் ஞானஸ்நானம் பெற்றவள், என்னை அடிமையாக வைத்திருக்க முடியாது என்று அவர் வாதாடினார். 1656-இல் விடுதலை பெற்றார்.

காலனிச் சபை என்ன செய்தது? 1662-இல் சட்டத்தையே திருப்பிப்போட்டது. இனி பிள்ளையின் நிலை தாயைச் சார்ந்தது. தாய் அடிமை என்றால் பிள்ளையும் அடிமை. ஆங்கிலேயரின் உரிமையைப் பேசிய அதே சபைதான் அந்த உரிமை இன்னொரு குழந்தைக்குப் போய்விடக் கூடாது என்று கதவை அடைத்தது. மாக்னா கார்ட்டாவைக் கொண்டாடும் மேடைகளில் எலிசபெத் கீயின் பெயரும் வர வேண்டும். பட்டயம் தந்தவர்கள் நினைத்துக்கூடப் பார்க்காத ஒருவர் அதே சட்டத்தைக் கையில் எடுத்து ஜெயித்துக் காட்டினாரே.

பூர்வகுடிகள்?

மன்னர் பட்டயத்தில் வாரி வழங்கிய நிலம் அவருடையது இல்லை. அந்தக் காலத்திலேயே ரோட் ஐலண்டை நிறுவிய ரோஜர் வில்லியம்ஸ் இதைச் சொன்னார்: பூர்வகுடிகளின் நிலத்தைக் கொடுக்க மன்னருக்கு ஏது உரிமை? மாசசூசெட்ஸிலிருந்து அவரை வெளியேற்றியதற்கு இந்தப் பேச்சும் ஒரு காரணம்.

எல்லாக் காலனிகளுக்கும் ஒரே மாதிரிப் பட்டயமா?

இல்லை. சிலவற்றைக் குடியேறியவர்களின் குழுமமே நடத்தியது (மாசசூசெட்ஸ், கனெக்டிகட், ரோட் ஐலண்ட்). மேரிலாந்து, பென்சில்வேனியா போன்றவற்றை மன்னர் தனி ஒருவருக்கு எழுதிக் கொடுத்தார். மற்றவற்றை மன்னரின் கவர்னர் நேரடியாக ஆண்டார்.

கொடுத்த பட்டயத்தை மன்னர் பறிக்க முடிந்ததா?

முடிந்தது, பலமுறை. வர்ஜீனியாக் கம்பெனியின் பட்டயம் 1624-இல் போனது. 1683-இல் லண்டன் மாநகரமே தன் பட்டயத்தை வழக்கில் இழந்தது என்றால் காலனிகள் எந்த மூலைக்கு!

மாசசூசெட்ஸ்காரர்கள் 1629-இல் பட்டயம் வாங்கும்போது, குழுமத்தின் கூட்டம் எந்த ஊரில் நடக்க வேண்டும் என்று அதில் எழுதவில்லை. அந்த ஓட்டையைப் பிடித்துக்கொண்டு, அடுத்த ஆண்டு குடியேறக் கப்பல் ஏறியபோது பட்டயத்தையும் கூடவே எடுத்துப் போய்விட்டார்கள். 1641-இல் தங்களுக்கென்று ஓர் உரிமைத் தொகுப்பும் எழுதினார்கள். அதன் முதல் பிரிவில் 39-வது பிரிவின் குரல் அப்படியே கேட்கிறது. 1684-இல் லண்டன் நீதிமன்றம் அந்தப் பட்டயத்தை ரத்து செய்தது.

அடுத்து எட்மண்ட் ஆண்ட்ரோஸ் கவர்னராக வந்தார். தேர்ந்தெடுத்த சபையே கிடையாது, ஆனால் வரி உண்டு. 1687-இல் இப்ஸ்விச் ஊர்க்காரர்கள் கட்ட மாட்டோம் என்றார்கள். அவர்களுக்குத் துணை நின்ற போதகர் ஜான் வைஸ் கைதானார். மாக்னா கார்ட்டாவைச் சொல்லித் தங்களைக் காத்துக்கொள்ளப் பார்த்தவர்களுக்கு, இங்கிலாந்தின் சட்டம் உலகத்தின் கடைக்கோடி வரை உங்கள் பின்னால் வரும் என்று நினைக்காதீர்கள் என்று பதில் கிடைத்தது. 1689 ஏப்ரலில் பாஸ்டன் மக்கள் ஆண்ட்ரோஸைப் பிடித்து அடைத்தார்கள். 1691-இல் புதிய பட்டயம் வந்தது, ஆனால் கவர்னரை நியமிப்பவர் இனி மன்னர்.

கனெக்டிகட் மக்கள் தங்கள் பட்டயத்தை ஆண்ட்ரோஸ் கையில் சிக்காமல் ஹார்ட்ஃபோர்டில் ஓர் ஓக் மரப் பொந்தில் ஒளித்து வைத்ததாக ஒரு கதை உண்டு. கதை எந்த அளவுக்கு உண்மையோ, அந்த மரத்தை 1856-இல் புயலில் சாயும்வரை ஊரே போற்றியது.

1765 முத்திரைத்தாள் வரிக்கும் பட்டயங்களுக்கும் என்ன சம்பந்தம்?

பத்திரம், உயில், செய்தித்தாள், சீட்டுக்கட்டு என்று எல்லாவற்றுக்கும் முத்திரை வரி போட்டது லண்டன் பாராளுமன்றம். மீறினால் வழக்கு, ஜூரி இல்லாத கடற்படை நீதிமன்றத்துக்குப் போகலாம். சம்மதம் இல்லாத வரி, சமமானவர்களின் தீர்ப்பு இல்லாத தண்டனை. 1215-இன் இரண்டு புண்களும் ஒரே சட்டத்தில். அந்த மே மாதம் வர்ஜீனியாச் சபையில் பாட்ரிக் ஹென்றி கொண்டுவந்த தீர்மானங்கள், ஜேம்ஸ் மன்னர் கொடுத்த இரண்டு பட்டயங்களைப் பெயர் சொல்லியே எடுத்துக்காட்டின.

இதில் எனக்கு மிகவும் பிடித்த காட்சி 1766 பிப்ரவரியில் லண்டனில் நடந்தது. பென்சில்வேனியாவின் பிரதிநிதியாக லண்டனில் இருந்த பெஞ்சமின் ஃபிராங்க்ளினைப் பாராளுமன்றத்தில் நிற்கவைத்துக் கேள்வி கேட்டார்கள். ஒரு கேள்வி உண்மையிலேயே இக்கட்டானது. பென்சில்வேனியாவின் பட்டயத்தில், சபையின் சம்மதம் இருந்தாலோ பாராளுமன்றச் சட்டம் இருந்தாலோ வரி போடலாம் என்று எழுதியிருக்கிறதே, பிறகு எப்படி உரிமை மீறல் என்கிறீர்கள்? ஃபிராங்க்ளின் அந்தப் பிரிவை மறுக்கவில்லை. ஆங்கிலேயரின் எல்லா உரிமைகளும் எங்களுக்கு உண்டு என்று அதே பட்டயம் சொல்கிறது. மாக்னா கார்ட்டாவிலும் உரிமை மனுவிலும் தேடினால், பொதுச் சம்மதம் இல்லாமல் வரி கட்ட வேண்டியதில்லை என்பது அந்த உரிமைகளில் ஒன்று. எங்கள் பிரதிநிதிகள் இல்லாத பாராளுமன்றம் எங்கள் மீது வரி போட முடியாது என்றுதான் நாங்கள் அதைப் புரிந்துகொள்கிறோம் என்றார். ஒரு பட்டயத்தின் குறுகிய வரியை இன்னொரு பட்டயத்தின் அகன்ற வரியால் விளக்கும் முறை அது. நல்ல வக்கீல்கள் இன்றும் அதைத்தான் செய்கிறார்கள்.

அடுத்த மாதம் வரி நீங்கியது. ஆனால் காலனிகளை எந்த விஷயத்திலும் கட்டுப்படுத்தும் அதிகாரம் எங்களுக்கு உண்டு என்று பாராளுமன்றம் கூடவே இன்னொரு சட்டம் போட்டது. புண் ஆறவில்லை.

அப்படியானால் 1776 அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தில் ஏன் மாக்னா கார்ட்டா இல்லை?

1774 வரை இருந்தது. இயற்கைச் சட்டம், இங்கிலாந்தின் அரசியலமைப்பு, எங்கள் பட்டயங்கள் என்று மூன்றையும் சேர்த்துத்தான் அந்த ஆண்டின் காலனி மாநாடு பேசியது. பிரியப் போகிறோம் என்று முடிவான பிறகு, ஆங்கிலேயர் என்ற முறையில் உரிமை கேட்க முடியாதல்லவா? மனிதர் என்ற முறையில் கேட்டார்கள். அதே பேச்சை அடிமைகளும் எடுத்துக்கொண்டார்கள். 1773-லும் 1777-லும் மாசசூசெட்ஸ் அடிமைகள் விடுதலை கேட்டுச் சபைக்கு மனுப் போட்டார்கள். பழைய வரிகளும் அழிந்துவிடவில்லை. 1791-இல் அமெரிக்க அரசியலமைப்பின் ஐந்தாம் திருத்தத்தில் 'உரிய சட்ட நடைமுறை' உட்கார்ந்தது. 1868-இல் பதினான்காம் திருத்தம் அதை மாநில அரசுகளுக்கு எதிராகவும், எந்த நபருக்கும் பொருந்தும் என்று சொன்னது.

சென்னைக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

நேரடியாகவே உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனி பிறந்ததே 1600 டிசம்பர் 31 அன்று எலிசபெத் ராணி கொடுத்த பட்டயத்தால். 1661-இல் இரண்டாம் சார்லஸ் கொடுத்த பட்டயம், கம்பெனியின் கவர்னரும் கவுன்சிலும் இங்கிலாந்துச் சட்டப்படி வழக்கு விசாரிக்கலாம் என்றது. 1665-இல் செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் அஸென்ஷியா டாஸ் என்ற பெண்மீது, தன் அடிமைச் சிறுமியைக் கொன்றதாக வழக்கு வந்தது. ஜூரி வைத்து விசாரித்தார்கள். விடுதலையானார். ரன்னிமீடில் எழுதிய பாதுகாப்பு மெட்ராஸ் கரைக்கு வந்துவிட்டது. யாருக்கு அது கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதை அந்தச் சிறுமியை நினைத்துப் பார்த்தால் தெரியும்.

அப்புறம் 1688-இல் மெட்ராஸ் மாநகராட்சி, அதுவும் பட்டயத்தால். 1726 பட்டயத்தால் மெட்ராஸ், பம்பாய், கல்கத்தா மூன்றிலும் மேயர் நீதிமன்றங்கள். 1801-இல் மெட்ராஸ் சுப்ரீம் கோர்ட். 1862-இல் விக்டோரியா ராணியின் பட்டயத்தால் உயர் நீதிமன்றம். பட்டயம் பெற்ற உயர் நீதிமன்றம் என்று சென்னை உயர் நீதிமன்றத்தைச் சொல்வது அதனால்தான்.

இன்றைக்கு இவற்றில் எது உயிரோடு இருக்கிறது?

ரோட் ஐலண்டின் 1663 பட்டயம் சுதந்திரத்துக்குப் பிறகும் 1843 வரை அந்த மாநிலத்தின் அரசியலமைப்பாகவே ஓடியது. இங்கிலாந்தில் 1297 பதிவின் பெரும்பகுதியை நீக்கிவிட்டார்கள். திருச்சபையின் சுதந்திரம், லண்டன் முதலிய நகரங்களின் பழைய உரிமைகள், அப்புறம் 39, 40 இரண்டையும் சேர்த்து எழுதிய 29-வது பிரிவு ஆகியவை இன்னும் சட்டம். 1215-இன் மூலப் படிகளில் நான்கு மிஞ்சியிருக்கின்றன: இரண்டு லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில், ஒன்று லிங்கனில், ஒன்று சாலிஸ்பரி பேராலயத்தில். போகிறவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள். ஆட்டுத்தோலில் எழுத்து பொடிப்பொடியாக நெருக்கி எழுதியிருக்கும்.